காருக்குள் மழைத்தண்ணீர் வந்தால்: தேடுவது, அடைப்பது, செலவு, காகிதங்கள்

ஜூன் பிறந்து சாரல் பிடித்துவிட்டால் தமிழ்நாடு-கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் கார் வைத்திருக்கிற பலருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். காலையில் கதவைத் திறந்தால் முடை நாற்றம். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கும். கால்மிதி மேட்டைத் தூக்கி கார்ப்பெட்டில் கை வைத்தால் சொதசொதவென்று இருக்கும்.

என் ஹேட்ச்பேக்கில் முன் இடது சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் வந்தது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் வைத்தியம் ஒன்றுதான்: சிலிக்கான் டியூப். கதவு ரப்பரைச் சுற்றிப் பூசினார்கள், கண்ணாடி ஓரத்தில் பூசினார்கள், பில் போட்டார்கள். அடுத்த சாரலுக்கு மறுபடியும் தண்ணீர். கடைசியில் பார்த்தால் வைப்பருக்கு அடியில் சேர்ந்து கிடந்த புளிய இலைதான் காரணம். அதை எடுக்கப் பத்துப் பைசா செலவில்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில், இது மழைத்தண்ணீர்தானா?

காருக்குள் வரும் தண்ணீர் எல்லாம் மழைத்தண்ணீர் இல்லை. மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு மட்டும் இடது பக்கம் நனைகிறதா? அப்படியானால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். அது சொட்டாமல் உள்ளே ஈரம் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், ஏசி மெக்கானிக்கிடம் போங்கள்.

விரலில் தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பான ஒரு வாடை, பச்சையோ சிவப்போ நிறம், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல மூடுபனி. இதெல்லாம் இருந்தால் அது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டர் பெட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது, இன்ஜின் சூடேறி நின்றுவிடும்.

மூன்றாவது ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பின்கண்ணாடிக்கு வைப்பர் உள்ள கார்களில், தண்ணீர் பீய்ச்சும் மெல்லிய குழாய் முன்னாலிருந்து உள்பக்கமாகவே பின்னால் போகிறது. அது வழியில் எங்காவது கழன்றிருந்தால், நீங்கள் சுவிட்சை அழுத்தும் ஒவ்வொரு முறையும் காருக்குள் ஊற்றும். பின்கண்ணாடியில் தண்ணீர் சரியாக அடிக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இந்த மூன்றும் இல்லை என்றால் மழைத்தண்ணீர்தான்.

2. அடைக்கும் முன் காய வையுங்கள்

ஈரமான காரில் ஓட்டையைத் தேட முடியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், அடியில் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டையை அடைத்த பிறகும் அது பல நாள் கசியும், நீங்கள் இன்னும் ஒழுகுகிறது என்று நினைத்து மறுபடி பட்டறைக்கு ஓடுவீர்கள்.

கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் படிப் பட்டையைக் கிளிப்போடு மெதுவாக நெம்பி எடுத்தால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கலாம். அடியில் ஒரு மரக்கட்டையோ தண்ணீர் பாட்டிலோ வைத்து முட்டுக் கொடுங்கள். முடிந்தவரை ஈர வேக்யூமில் உறிஞ்சுங்கள். கார் கழுவும் கடைகளில் வைத்திருப்பார்கள். பிறகு செய்தித்தாளைத் திணித்து, நனைய நனைய மாற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு. அது காற்றில் உள்ள ஈரத்துக்குத்தான், ஊறிய ஸ்பாஞ்சுக்கு இல்லை.

சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் கவனம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடமாவது பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும். கழற்றி வைத்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிட்டால் ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டும், அது தனிச் செலவு. நடுவே கியருக்கு அடியில் ஏர்பேக் கம்ப்யூட்டரும், சில கார்களில் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஒயர் இணைப்புகளும் இருக்கின்றன. அங்கே பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

சாரல் காலத்தில் செங்கோட்டையில் கார்ப்பெட் காயும் என்று காத்திருந்தால் ஆவணி வந்துவிடும். இங்கே மலை மேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். கிழக்கே ஆலங்குளம் தாண்டினால் அதே நாளில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றாலை சுற்றும் அளவுக்குக் காற்றும் இருக்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் காரை ஒரு பகல் முழுக்க நான்கு கதவையும் திறந்து அங்கே போடுங்கள். இங்கே ஒரு வாரத்தில் காயாதது அங்கே சாயங்காலத்துக்குள் காயும்.

3. எங்கே நனைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

தண்ணீர் தெரிகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையில் நுழைந்த தண்ணீர், கூரையைத் தாங்கும் தூணுக்குள்ளேயே இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். ஆனாலும் தேடலைத் தொடங்க அது ஒரு தடயம்.

முன் இடது பக்கம் நனைந்தால் முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல். ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அங்கே இடது பக்கம்தான் இருக்கிறது. வடிகால் அடைத்தால் மூடிக்கு அடியில் உள்ள தொட்டி நிரம்பி, தண்ணீர் ஏசியின் காற்றைத் தள்ளும் ப்ளோயர் வழியாக உள்ளே விழும். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். அது நனைந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கதவுப் படியோரம் மட்டும் நனைந்தால் கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட். கூரைத் துணியில் கறையோ, முன்தூணில் ஈரமோ இருந்தால் சன்ரூஃப், ஆன்டெனா அடி, கூரைக் கம்பியின் போல்ட். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கு, டிக்கி ரப்பர், பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுத் திறப்பு மூடி.

நின்றிருக்கும்போது வராமல், மழையில் ஓட்டும்போது மட்டும் வருகிறதா? சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு உடைந்திருக்கலாம். புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது சக்கரம் அடிக்கிற தண்ணீர் நேராக இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவரின் ஓட்டைகளுக்குப் போகும்.

எந்த மழையில் வருகிறது என்பதையும் யோசியுங்கள். சாரல் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். அது கதவு ரப்பரையும் ஷீட்டையும் சோதிக்கும். ஐப்பசி மழை நேராகக் கொட்டும். கூரையும் சன்ரூஃபும் அப்போதுதான் மாட்டும். ஆடியில் ஒழுகாத கார் ஐப்பசியில் ஒழுகினால், நான் கதவை விட்டுவிட்டு மேலே பார்ப்பேன்.

4. குழாய்ச் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே தோட்டக் குழாயோடு. குழாய் முனையில் எதுவும் மாட்டாதீர்கள், விரலை வைத்து அழுத்தவும் வேண்டாம். தண்ணீர் சும்மா வழிய வேண்டும், அவ்வளவுதான். பிரஷர் வாஷரில் அடித்தால் நல்ல ரப்பரும் ஒழுகும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காரை மழையில் எப்படி நிறுத்தியிருந்தீர்களோ அதே சாய்வில் நிறுத்துங்கள். சமதளத்தில் ஒழுகாத கார், மூக்கு கீழே இருக்கும் சரிவில் ஒழுகும்.

உள்ளே டேஷ்போர்டு அடியில் உள்ள மூடி, கையுறைப் பெட்டி, தூண் மேல் உள்ள டிரிம் (உள்பக்க மறைப்பு) என்று கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். முன்தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதைத் தொட வேண்டாம். வெறும் தகரம் தெரிகிற இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிவிடுங்கள். தண்ணீர் ஓடிய தடம் பவுடரில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் வாசல் கிடைக்கும்.

கீழிருந்து மேலே போவதுதான் முறை. முதலில் கதவின் கீழ்ப்பாதி, பிறகு கதவுக் கண்ணாடி ஓரம், பிறகு வைப்பர் மூடி, முன்கண்ணாடி ஓரம், கடைசியில்தான் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எது காரணம் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமையாக ஊற்றுங்கள். உள்ளே இருப்பவர் “வருது, நிறுத்து” என்றதும் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். இந்த வீடியோ பின்னால் வாரண்டி பேசும்போது கைகொடுக்கும்.

தண்ணீர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் ஓட விடுங்கள். வெளியே ரப்பர் ஓரங்களிலும் கண்ணாடி ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால், காற்று கசியும் இடத்தில் நுரை கிளம்பும். பின்பக்கக் காற்றுத் திறப்பில் காற்று வருவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கதவு ரப்பருக்கு இன்னும் எளிது. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) தளர்ந்திருக்கிறது, அல்லது கதவு இறங்கியிருக்கிறது.

5. அடைப்பது எப்படி

வைப்பர் மூடி: இங்கே அடைக்க ஒன்றும் இல்லை, திறந்துவிடத்தான் வேண்டும். வைப்பர் கைகளைக் கழற்றி, கிளிப்புகளை எடுத்து, மூடியைத் தூக்குங்கள். தேக்கிலையும் மாவிலையும் பெரிதாக இருப்பதால் மேலேயே நிற்கும். புளிய இலைதான் எமன். சிறு சிறு இதழாக உதிர்ந்து கம்பி இடுக்கு வழியே உள்ளே இறங்கி, தூசியோடு சேர்ந்து ஊறி, வடிகால் வாயில் கறுப்பு அடையாக உட்கார்ந்துவிடும். கையால் அள்ளிவிட்டு, இரு ஓரத்து வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தடையில்லாமல் கொட்ட வேண்டும். நனைந்த கேபின் ஃபில்டரைக் காயவைத்துப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். முடிந்தால் காரைப் புளியமரத்தடியில் நிறுத்துவதை நிறுத்துங்கள். நிழல் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

கதவு ஷீட்: கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே கதவுக்குள் தண்ணீர் போவது எல்லாக் காரிலும் நடப்பதுதான். அது கதவடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறிவிட வேண்டும். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன. குனிந்து பார்த்து, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் குத்திவிடுங்கள். சத்தம் இல்லாமல் உள்ளே நனைகிறதா? டிரிமுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறது. இதைக் கிழிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கர் மாட்டுபவர்களும் கண்ணாடி மோட்டார் மாற்றுபவர்களும்தான். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப ஒட்ட மாட்டார்கள், சிலர் கையோடு கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கனமான பாலிதீனை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டுங்கள். செல்லோடேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஷீட்டின் கீழ் ஓரம் கதவின் உள்ளே, தகரத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். இதில் தவறினால் மொத்த வேலையும் வீண்.

சன்ரூஃப்: அதைச் சுற்றியுள்ள ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுப்பதற்காக வைத்ததில்லை. உள்ளே வரும் தண்ணீரை ஒரு தட்டு பிடித்து, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியே கீழே அனுப்பும். திறந்து வைத்து, ஒவ்வொரு மூலைத் துளையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். முன் இரண்டும் முன்சக்கரம் அல்லது கதவுக்கீல் பக்கம் வடியும், பின் இரண்டும் பின்சக்கரம் அல்லது பம்பர் பக்கம். வடியவில்லை என்றால் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கம்பியை மெதுவாக விட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்க விடாதீர்கள். குழாய் உள்ளே கழன்றுகொண்டால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டி வரும்.

பின்விளக்கு: உள்ளேயிருந்து நட்டுகளைக் கழற்றி, விளக்கின் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் கேஸ்கெட்டைப் பாருங்கள். நசுங்கித் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். மாட்டும்போது வெறிகொண்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஒயர் ஓட்டைகள்: ஹாரன், ஆம்ப்ளிஃபயர், ரிமோட் லாக் என்று பின்னால் மாட்டியவற்றின் ஒயர் இன்ஜின் சுவரைத் துளைத்து வந்திருக்கும். அங்கே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்கண்ணாடி: இதை வீட்டில் செய்ய வேண்டாம். முன்பு மாற்றிய கண்ணாடி என்றால் பசை சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது சட்டத்தில் துரு இருக்கலாம். கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் பசையில் திரும்ப வைக்க வேண்டும். கூரைக்கு அடியில்தான் செய்ய வேண்டும், சாரலில் திறந்தவெளிப் பட்டறையில் கொடுக்காதீர்கள். முடிந்த பிறகு ஒரு நாளாவது காரைக் கழுவக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, ஒரு பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. வினிகர் வாடை அடிக்கும் மலிவு டியூபைத் தகரத்தில் பூசினால் அதுவே துருவைக் கிளப்பும். அதன் மேல் பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. பிறகு வருகிற நல்ல டிங்கர் அதைச் சுரண்டவே பாதி நாளைச் செலவழிப்பார். தகர இணைப்புக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

6. செலவும் நேரமும்

சிறிய கார்களுக்கான தோராயக் கணக்கு இது. ஊருக்கும் மாடலுக்கும் தகுந்தபடி மாறும். கேபின் ஃபில்டர் 200 முதல் 600 ரூபாய். பியூட்டைல் டேப்பும் பாலிதீனும் சில நூறு. கதவு பீடிங் ஒரு கதவுக்கு 500 முதல் 1,500. உள்பக்கம் முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்ய 1,500 முதல் 3,000. முன்கண்ணாடி என்றால் ஆயிரங்களில்தான் பேச்சு.

தேடுவதற்கு அரை நாள், காய வைக்க வெயிலைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள், அடைக்கப் பெரும்பாலும் ஒரு மணி நேரம். சித்திரை, வைகாசியில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். இடவப்பாதி (கேரளத்தில் தென்மேற்குப் பருவமழைக்குச் சொல்லும் பெயர்) தொடங்கிவிட்டால் புனலூர்ப் பக்கமும் சரி, நம் பக்கமும் சரி, பட்டறையில் வரிசை நிற்கும், காய வைக்க வெயிலும் இருக்காது. பட்டறையில் பேசும்போது, “ஒழுகலை நிறுத்திக் கொடுங்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல், சாக்பீஸ் குறியைக் காட்டி அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

7. வாரண்டியும் இன்சூரன்ஸும்

வாரண்டி உள்ள கார் என்றால் நீங்களாக எதையும் பூசாதீர்கள். வீடியோவோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், ஜாப் கார்டில் (அவர்கள் எழுதும் வேலைச் சீட்டு) “மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, இந்த இடத்தில்” என்று எழுத வைத்து நகல் வாங்குங்கள். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. ரப்பர் தேய்மானப் பொருள் என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். புதுக் காரில் தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி முடியும் தேதிக்கு முன் பதிவான ஜாப் கார்டுதான் உங்கள் ஆதாரம்.

இன்சூரன்ஸில், ரப்பர் பழசாகி ஒழுகுவதற்குக் காசு கிடைக்காது. தேய்மானம் பாலிசியில் விலக்கு. வெள்ளத்தில் கார் மூழ்கினால் சொந்தச் சேத பாலிசி உள்ளவர்களுக்குக் கிடைக்கும், வெறும் மூன்றாம் நபர் பாலிசிக்குக் கிடைக்காது. அப்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போன நிலையில் ஸ்டார்ட் செய்து சேதமானால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (தனியாகக் காசு கட்டி வாங்கும் கூடுதல் பாதுகாப்பு) இல்லாமல் பணம் வருவது கஷ்டம். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் பிரிக்கவும் கூடாது.

முன்கண்ணாடி கல்லடிபட்டு விரிசல் விட்டு ஒழுகினால் கிளைம் செய்யலாம். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, ஆனால் ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கட்டாயக் கழிவாக 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். கிளைம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸும் போகும், அதைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தால் தவிர. போகப்போகும் போனஸ் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் கைக்காசு போடுவதே லாபம்.

8. கேரளப் பதிவு உள்ள பழைய கார் வாங்கும்போது

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு எல்லையோரத்தில் கே.எல். நம்பர் கார் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படாமல் யாரும் வாங்குவதில்லை. அந்தச் சந்தேகத்தை விடாதீர்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அடி நுனியில் சேற்றுக்கோடு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல் இருக்கிறதா, சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சென்ட் வாடை தூக்கலாக அடித்தால் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். கிளைம் இல்லாத வருடங்களுக்குப் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஆள் ஆறேழு வருடம் வைத்திருந்த காரில் போனஸ் பூஜ்யமாகவோ 20 ஆகவோ இருந்தால், நடுவில் எதற்குக் கிளைம் வாங்கினார் என்று கேளுங்கள். அந்தப் போனஸ் உரிமையாளருடையது, காரோடு உங்களுக்கு வராது. விலையில் அதைச் சேர்த்துப் பேசினால் ஏமாறாதீர்கள்.

குழாய்ச் சோதனையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்யச் சொல்லுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) விண்ணப்பமும் போய்விட்டால், பிறகு ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம். தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் கே.எல். நம்பரிலேயே வைத்திருக்க முடியாது. படிவம் 27 கொடுத்து மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். ஒழுகல் வேலை பாக்கியிருந்தால் மறுபதிவுக்காக வண்டியைக் காட்டப் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.